எட்டாவது குடுவை

காலை ஆறரைக்கு முதல் மலை ரயில்.
எனக்கும் எட்டு எஃகுக் குடுவைகளுக்கும்
கடைசிப் பெட்டியில் இடம்.
"இன்றைக்கும் காலிப் பாத்திரங்களா, காக்கா?"
அஸ்ரி தினமும் கேட்பான்.
காலி இல்லை தம்பி, வெற்றிடம்.
ஒன்றுமில்லாததைத் திருகாணி போட்டுப் பூட்டி
மலைக்கு ஏற்றிப் போகிறேன்.

கொடிமலை மரங்கள்
இரவில் இந்த விஷயத்தில் வாய் திறப்பதில்லை.
வெயில் ஏறி இலை காயத் தொடங்கினால்தான்
ஐந்து கரி, எட்டு ஹைட்ரஜன் என்று
ஒரு மூச்சு கழன்று போகும்.
சூட்டைத் தாங்க மரம் செய்துகொள்ளும் ஏற்பாடு என்கிறார்கள்.
பெயர் ஐசோபிரீன்.
காட்டு வாசம் என்று சுற்றுலாக்காரர்கள் கண்மூடி இழுப்பது
இதை இல்லை.
இது தன் வருகையைச் சொல்லாது.

வெயிலில் அதன் ஆயுள் ஒரு மணி நேரம்,
போனால் இரண்டு.
அதை உடைக்க வரும் ஹைட்ராக்சிலுக்கு
முழுதாக ஒரு நொடிகூட இல்லை.
இவ்வளவு பெரிய வானத்தில்
இவை எப்படித்தான் சந்தித்துக்கொள்கின்றனவோ.
எங்களுக்கு இரண்டு வருடம் ஜாதகம் பார்த்தார்கள்.

பிற்பகல் இரண்டு மணிக்குக் காற்று திரும்பும்.
கடலிலிருந்து எழுந்து
ஜெலுத்தோங் சாலையை வாரிக்கொண்டு,
ஆயர் ஈத்தாம் கூரைகளைத் தடவி,
சரிவில் ஏறி வரும்.
என் கருவியில் நைட்ரிக் ஆக்சைடு கோடு
படுத்திருந்த பாம்பு தலை தூக்குவது போல.
அதில் ஒரு துளி
தனபாலனுடையது.
பட்டர்வொர்த் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறான்.
பாலம் தாண்டித் தீவுக்குள் வரும் நாட்கள் எனக்குத் தெரியும்.
எனக்கும் அவனுக்கும் பேச்சு நின்று
பதினொரு நாள்.

எதில் தொடங்கியது என்று இப்போது தெரியவில்லை.
மூன்றாவது வார்த்தை வெளியே வரும்போது
முதல் வார்த்தை எங்கும் இல்லை;
ஐசோபிரீன் மாதிரி,
தேடிப் போனால் அதன் மக்களும் பேரமக்களும்தான் கிடைக்கிறார்கள்.

போன மாதம் கொம்தார் கூட்டத்தில் ஓர் அதிகாரி கேட்டார்:
"அப்படியென்றால் மரமும் மாசு செய்கிறதுதானே?"
சியூ லிங் பேனாவைக் கீழே வைத்தாள்.
நான் சொன்னேன்:
புகை இல்லாத இடத்தில் அந்த மூச்சு
நுண்துகளாகி மேகத்துக்கு விதை போடும்.
புகை வந்து சேர்ந்தால் அதே மூச்சு
ஓசோனாகி நெஞ்சைக் கரிக்கும்.
வெயில்தான் இரண்டையும் சேர்த்து வைத்தது,
அதற்கும் ஓர் அழைப்பாணை அனுப்புங்கள்.
யாரும் சிரிக்கவில்லை.
தேநீர் வந்தது. கறிபாப் வந்தது.

நேற்று ஏழு குடுவைகள் நிறைந்தன.
எட்டாவதைத் திறப்பதற்குள் மழை.
அதைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.
கீழே, கோப்பிக்கடை எதிரில்,
அவன் லோரி.
எஞ்சினை அணைத்திருந்தான்.
ஏறி உட்கார்ந்தேன்.
டீசலும் ஈரச் சட்டையும்
டாஷ்போர்டில் பாதி தின்ற நாசி லெமாக் பொட்டலமும்.
அவன் கண்ணாடியைத் துடைத்தான்.
துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

வேறென்ன செய்வதென்று தெரியாமல்
குடுவையின் திருகாணியைத் திறந்தேன்.
ஸ்ஸ் என்று உள்ளே போனது
எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த காற்று.
"என்னது அது?" என்றான்.
பன்னிரண்டாம் நாளின் முதல் சொல்.
"வேலை" என்றேன்.
"நிறைஞ்சிடுச்சா?"
"இன்னும் கொஞ்சம்."

இன்று ஆய்வகத்தில் சியூ லிங்
திரையில் எகிறிய முகடுகளைப் பார்த்துவிட்டு
என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
"எட்டு, எந்த மரத்தடியில் எடுத்தது?"
மாசுபட்ட மாதிரி,
நிராகரிக்கவும்
என்று எழுதச் சொன்னேன்.

குடுவையைக் கழுவ மட்டும்
நாளைவரை பொறுத்திருக்கிறேன்.